கைக்கு அடங்கும் ஆயுதம்

டெக்ஸாஸ் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில், மருந்துக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே, நம் ஊர்ப் பாத்திரக் கடையைப் போல் வெகு சாதாரணமாகத் திறந்து கிடந்த ஒரு துப்பாக்கிக் கடையில், சில வருஷங்களுக்கு முன் ஒரு முற்பகல் முழுவதையும் கழிக்கும்படி எனக்கு நேர்ந்தது. வாங்கப் போனவன் நான் அல்லன். என்னை விருந்தாளியாக வைத்திருந்த நண்பரின் அண்டை வீட்டில், பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அமெரிக்க அம்மாள் வசித்து வந்தார். கணவர் காலமான பிறகு தனித்திருக்கும் வீட்டில் கைத்துப்பாக்கி ஒன்று இருக்கட்டும் என்று அவர் தீர்மானித்து, துணைக்கு நண்பரை அழைக்க, நண்பர் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

நம் பெண்கள் பித்தளைக் குடம் வாங்கும்போது முதலில் கண்ணால் பார்த்து, பிறகு விரலால் தட்டி, கடைசியில் இடுப்பில் வைத்துப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அந்த அம்மாளும் கண்ணிலிருந்தே ஆரம்பித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் கருநீலம் பாய்ச்சிய எஃகும், வால்நட் மரப் பிடியும், சீப்பால் வாரியதுபோல் நுண்ணிய கோடுகளுமாக ஒரு பிஸ்டல் இருந்தது. அது கோல்ட் கம்பெனியார் பிரசித்தமாக்கிய '1911' என்ற பழைய வடிவம். "அது அழகாயிருக்கிறதே" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டு, ரேகை பார்ப்பவரைப் போல, "முதலில் உங்கள் கையைக் காட்டுங்கள், அம்மா" என்றார்.

அவர் செய்த காரியங்களில் ஒரு சடங்கின் ஒழுங்கு இருந்தது. எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் முதலில் தோட்டாக்கள் அடங்கும் மேகஸினைப் பிடியிலிருந்து உருவி மேஜைமேல் வைப்பார். மேற்புறத்து ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து அப்படியே நிறுத்தி, குழலின் வாயறையைக் கண்ணால் பார்த்து, பின் சுண்டுவிரலை விட்டும் சோதித்துவிட்டு, முனை சுவரைப் பார்க்க, பிடி வாங்குபவரைப் பார்க்க நீட்டுவார். ஒரே துப்பாக்கியை ஐந்து நிமிஷத்துக்குள் மூன்று முறை கைமாற்றிய போதும் மூன்று முறையும் இவ்வளவும் நடந்தது.

கைக்குப் பொருந்துவது என்றால் என்ன என்பதை அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள கவான், பிடியின் பின்புறத்தில் மேலே இடைவெளி விடாமல் பதிய வேண்டும்; குழலும் முன்கை எலும்பும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும்; அந்த நிலையில் சுட்டுவிரலின் முதல் அங்கத்துச் சதை, விசையின் நடுவில் தானாகப் போய் உட்கார வேண்டும். விரல் எட்டாவிட்டால் எட்டுவதற்காகக் கை திரும்பும். கை திரும்பினால் குறி திரும்பும். சுட்டபின் துள்ளும் அதிர்ச்சியையும் உள்ளங்கையின் முழு அகலம் தாங்காமல் பெருவிரல் மூட்டு மட்டும் தாங்கும். இதற்குக் கடைக்காரர் ஒரு பரீட்சை வைத்திருந்தார். சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி. அதை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூடிய கண்ணோடு துப்பாக்கியை உயர்த்திப் பிடித்துவிட்டுப் பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். முன் குறி பின் குறியின் பள்ளத்துக்கு மேலே தலை நீட்டினாலும், உள்ளே அமுங்கிப் போனாலும், பிடியின் சாய்வு மணிக்கட்டின் சாய்வோடு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

அம்மாளின் கையில் முதலில் வந்தது இத்தாலிய பெரெட்டா 92. உருவத்தில் கம்பீரமானது, அமெரிக்க ராணுவமே 1985-ல் எம்9 என்ற பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. அவருடைய விரலோ விசையின் விளிம்பை நுனியால் தொட்டதே ஒழிய மேற்கொண்டு செல்லவில்லை. பிடிக்குள் 15 தோட்டாக்கள் இரட்டை வரிசையாக நெருங்கி அடங்கியிருப்பதால் பிடியின் சுற்றளவு பெருத்துவிட்டது. அதோடு, முதல் முறை சுடும்போது சுத்தியை எழுப்புவதும் விழச்செய்வதும் ஒரே இழுப்பில் நடக்க வேண்டியிருப்பதால், விசையும் வெகுதூரம் முன்னே தள்ளி நிற்கிறது. அம்மாளின் சிரமம் அவருடைய சிரமம் மட்டும் அன்று. கை சிறுத்த சிப்பாய்கள் வெகுகாலம் சொல்லிவந்த குறை அது. பிறகு 2017-ல் ராணுவம் புதிய பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தபோது, சிறிது, நடுத்தரம், பெரிது என்று பிடியை மட்டும் செருப்பின் அளவைப்போல் மாற்றிக்கொள்ளும்படியான ஸிக் பி320-ஐத் தேர்ந்தெடுத்தது. அதில் விசை முதலான உள்யந்திரம் அடங்கிய சிறு எஃகுக் கூடுதான் வரிசை எண் பொறித்த 'துப்பாக்கி'. பிடி அதற்கு ஒரு சட்டை.

பிடியைப் பற்றிய இந்த ஞானம் புதிதாக உண்டானதன்று. கண்ணாடிப் பெட்டியில் அம்மாளை மயக்கிய அந்த 1911-ன் சரித்திரமே இதற்குச் சாட்சி. ஜான் மோஸஸ் பிரௌனிங் என்ற மகா சிற்பியின் அந்தப் படைப்பை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29-ல் ஏற்றுக்கொண்டது. முதல் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான கைகளில் அது புழங்கிய பிறகு, கைகள் சொன்ன குற்றங்களைக் கேட்டு 1920-களின் நடுவில் சில திருத்தங்கள் செய்தார்கள். விசையைக் குட்டையாக்கினார்கள், விரல் வழியில் சட்டத்தை இருபுறமும் சற்றே சீவினார்கள், பிடியின் பின்முதுகுக்கு ஒரு வளைவு கொடுத்தார்கள், சுத்தி பின்னால் வந்து கவானைக் கிள்ளாதபடி மேலே ஒரு வாலை நீட்டினார்கள். யந்திரத்தில் யாதொரு மாற்றமும் இல்லை. எல்லாம் கைக்காகச் செய்த உபசாரம். இன்னொரு விசேஷமும் அந்தத் துப்பாக்கிக்கு உண்டு: பிடியின் பின்னால் ஒரு பாதுகாப்புக் கட்டை இருக்கிறது, உள்ளங்கை நன்றாகப் பதிந்து அதை அமுக்கினாலன்றி எவ்வளவு இழுத்தாலும் சுடாது.

இதற்கு நேர்மாறாக, எல்லோருடைய கைக்கும் தாமே அளவெடுத்துவிட எண்ணி ஏமாந்தவர்களும் உண்டு. ஆஸ்திரிய தேசத்து க்ளாக் கம்பெனியார் ஒரு காலத்தில் பிடியின் முன்புறத்தில் விரல்களுக்கென்று பள்ளமும் மேடும் வைத்தார்கள். அந்த அளவு விரல் படைத்தவர்களுக்கு அது சுகம். மற்றவர்களுக்கு மேடு விரலுக்கு அடியில் வந்து உறுத்தியது. 2017-ல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறையில் அந்த மேடுகளை எடுத்தேவிட்டார்கள்.

பொருத்தத்தைப் பற்றிப் பேசும்போது வின்ஸ்டன் சர்ச்சில் ஞாபகம் வராமல் இராது. 1896-ல் பம்பாய்த் துறையில் படகிலிருந்து இறங்குகையில் வலத் தோள் பிசகிப்போக, அந்தக் கோளாறு அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஸூடானில் ஓம்டுர்மான் போரில் குதிரைப் படை பாய்ந்தபோது, வாளை வீசத் தோள் இடங்கொடாதென்று உறையில் போட்டுவிட்டு, மௌஸர் பிஸ்டலோடு போனார். அந்த மௌஸரின் பிடி துடைப்பக் கட்டையைப்போல் உருண்டையாக இருந்ததால் அதற்கு அப்படியே பட்டப்பெயரும் வாய்த்தது; லட்சணத்தில் அதற்குப் பரிசு கிடையாது. ஆனாலும் அவருடைய உடம்புக்கு அது பொருந்தியது.

உறுதி என்பது வேறு விதமான விஷயம். பொருத்தத்தை வாங்குபவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. உறுதியையோ வாங்குபவர் கடையில் நின்று கண்டுபிடிக்க முடியாது, பிறர் வருஷக்கணக்கில் கண்டதைத்தான் நம்ப வேண்டும். அவ்வகையில் 1911 மார்ச் மாதத்தில் நடந்த பரீட்சை ஒரு காவியம். பிரௌனிங்கின் பிஸ்டலும் அதற்குப் போட்டியாக நின்ற ஸாவேஜ் பிஸ்டலும் தலைக்கு 6,000 தோட்டாக்கள் சுட வேண்டும் என்பது நிபந்தனை. குழல் சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்துத் தொடர்ந்து சுட்டார்கள். ஸாவேஜ் 37 முறை தடுமாறிற்று. பிரௌனிங்கினுடையது ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பரீட்சையில் தேறியது பிற்பாடு பிழைபடாதென்றும் சொல்வதற்கில்லை. பெரெட்டாவை ஏற்றுக்கொண்ட சில வருஷங்களுக்குள், அமெரிக்கக் கடற்படையின் விசேஷ வீரர்கள் சிலர் சுட்டுக்கொண்டிருக்கையில் ஸ்லைடு நடுவில் பிளந்து, பின்பாதி பறந்து வந்து முகத்தில் அடித்தது. தோட்டாவின் வேகம் அதிகமென்று ஒரு சாராரும், உலோகத்தின் குற்றமென்று மற்றொரு சாராரும் வாதாடினார்கள். முடிவில் சுத்தியின் அச்சாணித் தலையைப் பெரிதாக்கி, ஸ்லைடில் அதற்கேற்ற ஒரு பள்ளமும் வெட்டி, பிளந்தாலும் பறக்காதபடி செய்தார்கள். இன்று கடையில் விற்கும் 92 வகையில் அந்தப் பெரிய தலையைக் காணலாம்.

வீட்டில் வைத்துக்கொள்ளும் மனிதருக்கு ஆறாயிரம் தோட்டாவின் கவலை இல்லை. அவருடைய சத்துருக்கள் அற்பமானவை: உள்ளங்கை வியர்வை, மெலிந்துபோகும் சுருள்வில், கீழே விழுந்து வாய் நெளிந்த மேகஸின். துப்பாக்கி தடுமாறினால் பாதிக் குற்றம் மேகஸினுடையதாயிருக்கும் என்பது கடைக்காரருடைய அபிப்பிராயம். அவர் எதையும் மிகைப்படுத்திச் சொல்பவராகத் தெரியவில்லை.

இந்த அற்பச் சத்துருக்களை வென்ற கியாதி க்ளாக்குக்கு உரியது. திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்த காஸ்டன் க்ளாக் என்பவர், துப்பாக்கித் தொழிலில் முன் அனுபவம் சிறிதுமின்றி, பாலிமர் பிளாஸ்டிக்கினால் சட்டம் வார்த்து, மொத்தம் 34 உறுப்புகளோடு ஒரு பிஸ்டலை உருவாக்கினார். 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் அதை ஏற்றது. தோட்டாக்களும் மேகஸினும் இல்லாமல் எடை ஏறக்குறைய 625 கிராம். பழைய 1911-ஓ ஒரு கிலோவுக்கு மேல். பிளாஸ்டிக் என்றவுடன் விமான நிலையத்து எக்ஸ்-ரே கண்ணுக்கே தப்பிவிடும் என்று ஒரு பீதி கிளம்பி, 1990-ல் வந்த ஹாலிவுட் படம் ஒன்றும் அதை வளர்த்தது. ஸ்லைடும் குழலும் சுத்தமான எஃகாயிருக்க, எப்படித் தப்பும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தத் துப்பாக்கிக்கு அழகு மட்டும் கிடையாது. செங்கல்லைச் செதுக்கி நிறுத்தினாற்போல் இருக்கிறது. அழகென்று பார்த்தால், ஜெர்மானிய ராணுவம் 1908-ல் ஏற்ற லூகர் பிஸ்டலின் முன் எது நிற்கும்? பின்னோக்கிச் சரிந்த பிடி, மெலிந்த வெறுங்குழல், சுட்டவுடன் முழங்காலைப்போல் மடிந்தெழும் மேல்மூட்டு! இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்பட்ட நினைவுப் பொருள்களில் அது முதலிடம் பெற்றது. ஆனால் அவ்வளவு நுணுக்கமான வேலைப்பாட்டுக்கு நேரமும் பணமும் கட்டுபடியாகாமல், 1938-லேயே வால்தர் பி38 என்னும் எளிய பிஸ்டலுக்கு அதை விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு ஆரம்பமாகிவிட்டது.

அழகும் உறுதியும் கூடிய ஒன்று உண்டென்றால், 1975-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் கௌட்ஸ்கி சகோதரர்கள் வகுத்த ஸி.இஸட். 75-ஐச் சொல்வேன். மற்றவற்றில் பெரும்பாலும் ஸ்லைடு சட்டத்தின் வெளிப்புறத்தைத் தழுவி ஓடும். இதில் சட்டத்துக்கு உள்ளேயே ஓடுவதால் வடிவத்துக்கு ஒரு மெலிவும், கையில் பிடித்தவுடனே பழகியதுபோன்ற ஓர் இசைவும் வந்துவிட்டன. அம்மாளுக்கும் அது பிடித்தது. விசைதான் சற்று எட்டவில்லை.

இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பெரெட்டாவின் மீது மனம் முழுதாகச் செல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1948 ஜனவரி 30-ல் மகாத்மாவின் மார்பில் மூன்று முறை சுட்டது அதே தொழிற்சாலையின் 1934-ஆம் வருஷத்து வடிவம். இரும்பின் மேல் என்ன குற்றம் என்று புத்தி சொல்கிறது. இருந்தாலும் அதைக் கையில் வாங்கிப் பார்க்கும்படி கடைக்காரர் நீட்டியபோது, வேண்டாமென்று தலையசைத்தேன். பிரௌனிங் பெயரைக் கேட்டதும் நம் நாட்டுக் கதை ஒன்றும் நினைவில் எழுந்தது: அவருடைய 1911 ராணுவத்தில் சேர்ந்து மூன்று மாதங்கூட ஆகாத அதே வருஷம் ஜூன் 17-ல், மணியாச்சி ரயில் நிலையத்தில் வெள்ளைக்காரக் கலெக்டரைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பிரௌனிங் பிஸ்டல்தான். இன்று நம்மவர் ஒருவர் கைத்துப்பாக்கி வாங்க நினைத்தால் கண்ணும் கையும் யோசிப்பதற்கு முன்பு 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் யோசித்துவிடும். 9 மில்லிமீட்டர் தோட்டா பொதுஜனங்களுக்கு விலக்கு ஆகையால், லைசென்ஸ் கிடைத்தவர்களும் பெரும்பாலும் .32 அளவோடு திருப்தியடைய வேண்டியதுதான்.

கடையில் கடைசியாக நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். நவீனத் துப்பாக்கிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கிய பிறகு, கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டாத அந்தக் கிழட்டு 1911-ஐயே வெளியில் எடுத்தார். அதில் தோட்டாக்கள் ஒற்றை வரிசை. ஆகவே கனம் மிகுந்திருந்தும் பிடி மெல்லியது. கையிலிருந்தது 9 மில்லிமீட்டரில் செய்தது, குட்டை விசை, பின்முதுகும் தட்டை. அம்மாள் கண்ணை மூடி உயர்த்தித் திறந்தார். முன் குறி பள்ளத்தின் நடுவில் நின்றது. விரல் விசையில் பதிந்தது. "கனக்கிறது, ஆனால் அசையவில்லை" என்றார்.

பாரத்தைப் பூர்த்தி செய்து, தொலைபேசியில் அரசாங்கத்தின் விசாரணை முடியும் வரையில் காத்திருந்தபோது, கடைக்காரர் இன்னொரு பெட்டியைத் திறந்து, அதே வடிவத்தில் துருவேறாத சாம்பல் நிற எஃகினால் செய்த ஒன்றை மேஜைமேல் வைத்தார். நீலம் பாய்ச்சிய எஃகை அம்மாள் அரைமணி நேரமாகக் கையாண்டதில் விரல் ரேகைகள் அதன்மேல் பனி படிந்தாற்போல் தெரிந்தன. இந்த ஊர் வெயிலில், துடைக்காமல் இரண்டு வாரம் மேஜைக்குள் கிடந்தால் அந்த ரேகைகளிலேயே துரு பூக்கும் என்றார். "தினமும் எண்ணெய்த் துணியால் துடைப்பீர்களா?" என்று கேட்டார். அம்மாள் சற்று யோசித்து, உண்மையைச் சொன்னார்: "மாட்டேன்."

சாம்பல் நிறத்ததைக் கட்டித் தரச் சொல்லிவிட்டு, கடையை விட்டு இறங்கும்போது, கண்ணாடிப் பெட்டிக்குள் மறுபடியும் போய்விட்ட அந்த நீலத்தை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.