பீலித் தண்ணீருக்காக எழுதிய கடிதம்



2009இல் வவுனியா முகாமில் பவுசர் தண்ணீருக்காக வாளியோடு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. நான் பிறந்தது மாத்தளை மாவட்டத்தில் அரசாங்கம் நடத்தும் தோட்டமொன்றில். 1983 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. முகாமை விட்டு வந்ததும் பிறந்த லயத்துக்கே திரும்பினேன். மலை ஊற்று இருக்கிறது, இனித் தண்ணீருக்குக் கஷ்டமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா. பத்துக்கும் ஒரே பீலி. 2019 மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கி, நாற்றத்தோடு வந்தது. முதலில் சிறுவர்களுக்கு வயிற்றோட்டம். அடுத்த மாதம் என் பேத்திக்கும் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் இருவருக்கும் செங்கண்மாரி. ஊற்றுக்கு மேலே இருந்த மலசலகூடக் குழி நிரம்பி, மழை நீரோடு கசிந்துகொண்டிருந்தது.

தோட்டக் கந்தோரில் சொன்னேன். "பிரதேச சபையில் கேளுங்கள்" என்றார்கள். அங்கே போனால், "தோட்டம் எங்கள் பொறுப்பில்லை அம்மா" என்றார்கள். இரண்டு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று பின்னர்தான் தெரிந்துகொண்டேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்ட லயங்களுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்குப் போட மட்டும் நாங்கள் வேண்டும், தண்ணீருக்கு வேண்டாம்! இந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. தோட்ட மக்களுக்கும் சேவை செய்யச் சபைகளுக்கு வழி பிறந்தது. ஆகவே எனக்குச் சொல்லப்பட்ட பதில் அப்போதே பழசாகிப் போயிருந்தது. எனக்குத்தான் அது தெரியவில்லை.

கிளினிக்குக்கு வந்த மருத்துவமாது ஒரு வழி சொன்னார். "வாயால் சொல்லாதீர்கள் அக்கா, எழுதிக் கொடுங்கள்." பத்து வீட்டாரும் கையொப்பம் வைத்தோம். எத்தனை பேருக்கு என்ன நோய், எந்தத் திகதியில் வந்தது, குழி எங்கே, ஊற்று எங்கே என்று எழுதினோம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒன்று, பிரதேச செயலாளருக்கு ஒன்று, சபைக்கு ஒன்று. எங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டோம்.

பொதுச் சுகாதார பரிசோதகர் வந்து தண்ணீர் மாதிரி எடுத்தார். மலக் கிருமி இருந்தது. குடிநீரில் அந்தக் கிருமி 100 மில்லிலீற்றருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. தொட்டியைக் கழுவிக் குளோரின் இட்டார்கள். குழியை மூடி, வேறிடத்தில் வெட்டினார்கள். புதிய குழாய் மட்டும் வரவில்லை. அதற்காக இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வடக்கில் வாசிக்கும் சகோதரிகளுக்குச் சுன்னாகம் நினைவிருக்கும். மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மின் கம்பனிக்கு உத்தரவிட்டது. பரிசோதனை அறிக்கைகள் கையில் இருந்தபடியால்தான் அது முடிந்தது.

நாம் செய்யக்கூடியவை சில:

தண்ணீர் நிறம், மணம் மாறினால் கொதித்தாறிய நீரையே குடிக்கக் கொடுங்கள். நன்றாகக் கொப்புளித்துக் கொதிக்க வேண்டும். ஆனால் கொதிக்க வைப்பது கிருமியைத்தான் கொல்லும். எண்ணெய், புளோரைட்டு, கிருமிநாசினி மருந்து இவை போகாது. எங்கள் மாவட்டத்தின் வில்கமுவப் பக்கம் போல சிறுநீரக நோய் கண்ட இடங்களில், சுத்திகரிப்பு நிலையத் தண்ணீரைப் பாவியுங்கள்.

மலசலகூடக் குழி கிணற்றுக்கோ ஊற்றுக்கோ குறைந்தது 50 அடி தள்ளி, பள்ளப் பக்கமாக இருக்கட்டும்.

பரிசோதனை முடிவைத் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

போர்க் காலத்தில் கிடைத்ததைக் குடித்து உயிர் பிழைத்தோம். அப்போது கேட்க யாரும் இருக்கவில்லை. இப்போது கேட்க ஆளுண்டு, சட்டமும் உண்டு. என் பேத்தி தேறிவிட்டாள். இன்னொரு பிள்ளை மஞ்சள் கண்ணோடு படுக்கும்வரை காத்திராமல், உங்கள் லயத்து, உங்கள் வீட்டுத்திட்டத்துப் பெண்கள் நான்கு பேரைச் சேர்த்து முதல் கடிதத்தை எழுதுங்கள்.