கணினிக்குள்ளே ஓர் ஒழுங்கு

தோட்டத்தில் வெட்டிய பால் ஸ்டோருக்குப் போகிறது. செக்ரோல் ஆபீசில் இருக்கிறது. நம் துணிமணி லயத்து வீட்டில் இருக்கிறது. ஸ்டோரில் இயந்திரத்தை மாற்றினால் வீட்டுச் சாமான் கலைவதில்லை அல்லவா? கணினிக்கும் இந்த ஒழுங்கு வேண்டும்.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்துக்கு இதற்கான விதிகள் 1994இல் வெளியாயின. கோப்புகளை வைக்கும் அறைக்கு அடைவு என்று பெயர். செயலி ‘யூஎஸ்ஆர்’ அடைவில் இருக்க வேண்டும், அதன் அமைப்புக் குறிப்புகள் ‘இடிசி’யில், அன்றாடம் பெருகும் பதிவுகள் ‘வார்’ அடைவில், நாம் எழுதுபவை ‘ஹோம்’ அடைவில்.

டெபியன் என்னும் லினக்ஸ் வகையில், செயலியைப் பொதியாகக் கட்டுபவர் ஒவ்வொரு கோப்பையும் அதற்குரிய அடைவின் பெயரோடு வைக்கிறார். பொதியை நிறுவும் கருவி அவற்றைப் பட்டியலிட்டுக் கொள்கிறது. பிறகு செயலியை நீக்கினால், பட்டியலில் உள்ளவற்றையே அது தேடி எடுக்கும். பிள்ளையின் பள்ளிப் பாடத்தைத் தொடாது. முறையின்றி எல்லாவற்றையும் ஒரே அடைவில் போட்டிருந்தால், அந்த அடைவை அழிக்கும்போது பாடமும் சேர்ந்து போய்விடும்.

கணினியே பழுதானால்? அதற்கும் இந்த ஒழுங்கு உதவும். செயலியை மறுபடி நிறுவிக் கொள்ளலாம். நம் உழைப்பை அப்படிப் பெற முடியாது. ஆகவே, ‘ஹோம்’ அடைவைத் தவறாமல் பிரதி எடுத்து வையுங்கள்.