ஆபரா மாளிகையும் கீற்றுக் கொட்டகையும்

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் உற்சவத்தின்போது விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்த நேயர்களுக்கு, ஐரோப்பியர் 'ஆபரா' என்று கொண்டாடும் கலையைப் பற்றி நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாட்டாலேயே கோபிப்பதும் பாட்டாலேயே புலம்புவதும் இரண்டுக்கும் பொது. ஆனால் கூத்துக்கு இருவர் பிடிக்கும் ஒரு திரை போதும், வானமே கூரை. ஆபராவுக்கோ மாளிகை வேண்டும். அத்தகைய மாளிகையைக் காண இத்தாலிக்குப் போக வேண்டாம். பம்பாய்க்கு ரயில் ஏறினால் போதும்.

அங்குள்ள ராயல் ஆபரா ஹவுஸ், மாரிஸ் பாண்ட்மன் என்ற நாடக முதலாளியும், நிலக்கரி வர்த்தகரான ஜஹாங்கீர் பிராம்ஜி காரகா என்ற பார்ஸி கனவானும் சேர்ந்து எழுப்பியது. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தி அதைத் திறந்து வைத்தபோது கட்டிடம் பூர்த்தியாகவில்லை. சக்கரவர்த்தியே வந்திருக்கும்போது சுவரில் பூச்சு உலர்ந்ததா என்று யார் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள்? மறு வருஷந்தான் வேலை ஒருவாறு முடிந்தது.

கட்டிடம் 'பரோக்' பாணியைச் சேர்ந்தது. சுவரில் ஒரு சாண் இடம் வெறுமையாக இருந்தாலும் அந்தப் பாணிச் சிற்பிகளுக்கு மனம் பொறுக்காது! கொடியும் மாலையுமாகப் பொன் வர்ணச் சுதை வேலைகள். ஸாஸூன் குடும்பத்தார் அளித்த பளிங்குச் சர விளக்குகள். கவிகளையும் நாடகாசிரியர்களையும் கௌரவிக்கும் பொருட்டு எட்டுப் பிரிவுகளாக அமைந்த விதானம். தனவந்தர்கள் அமர்வதற்குத் தனித்தனி அறைகள். ஆயினும் உச்சி மாடத்தில் மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்தவன் காதிலும் பாட்டுத் தெளிவாக விழும்படி கூரையை அமைத்திருக்கிறார்கள். நம் மனத்தைக் கவர்ந்தது அதுதான்.

வெள்ளைக்காரர் பாட்டுக்கென்று கட்டிய அந்த மேடையில் மராத்தி ஸங்கீத நாடகம் ஏறியது. பால கந்தர்வர் ஸ்திரீ வேஷத்தில் அங்கே பாடினார். தீனாநாத் மங்கேஷ்கரும் பாடினார். பிருதிவிராஜ் கபூரின் நாடகங்களும் நடந்தன. பிறகு சினிமா வந்து மேடையைப் பிடித்துக் கொண்டது. 1952-ல் கோண்டல் மகாராஜா மாளிகையை வாங்கினார். 1993-ல் கதவு சாத்தப்பட்டது. அப்புறம் சிற்ப நிபுணர் ஆபா நாராயண் லாம்பா, அடுக்கடுக்காகப் பூசியிருந்த பிற்கால வர்ணங்களைச் சுரண்டி, அடியில் கிடந்த பழைய வர்ணத்தைக் கண்டெடுத்தார். 2016-ல் மாளிகை மறுபடியும் திறக்கப்பட்டது.

தமிழ் ஸங்கீத நாடகத்துக்கு இலக்கணம் வகுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1922-ல் புதுச்சேரியில் காலமானார். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பஸ்ஸில் போய் அன்றே திரும்பிவிடக்கூடிய தூரத்தில், கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. அவருடைய பாட்டுக்களை ஊர் ஊராக ஜனங்கள் கேட்டது கீற்றுக் கொட்டகைகளில். சுரண்டிப் பார்ப்பதற்கு அங்கே என்ன சுவர் இருக்கிறது? கொட்டகையைப் பிரித்த மறுநாள் காலையில், மூங்கில் நட்ட குழிகள் மட்டுமே மிச்சம். அவற்றையும் முதல் மழை மூடிவிடும்.