டம்ளர் ஏன் கை நழுவுகிறது?

“கவனமே இல்லை, எதைக் கொடுத்தாலும் கீழே போட்டுவிடுகிறார்.” நீரிழிவு நோயுள்ள முதியவர்களை அழைத்து வரும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கூறும் குறை இது. பல வேளைகளில் குறை கவனத்தில் இல்லை. விரல் நுனிகளின் தொடு உணர்வில் இருக்கிறது.

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தோட்டத் தொழிலாளரின் கைகளைக் கவனித்திருப்பீர்கள். பச்சைக் காய் உதிராமல், கிளை முறியாமல், சிவந்த பழத்தை மட்டும் விரல்கள் பறித்தெடுக்கும். கண் அடுத்த கொத்துக்குப் போய்விட்ட பின்னும் கை தவறுவதில்லை. இத்தனைக்கும் விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசைகள் கிடையா. முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ள தசைகளே தசைநாண்கள் வழியாக அவற்றை இழுக்கின்றன. எந்த விரலை எவ்வளவு இழுப்பது என்று மூளை கணக்கிடுவதற்குத் தோலிலிருந்து செய்தி வந்தாக வேண்டும். ஒரு கையின் உட்புறத் தோலில் ஏறத்தாழ 17,000 தொடு உணர்விகள் இருப்பதாகச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். பிடித்த பொருள் சிறிதே நழுவினாலும், நாம் அறியுமுன்னரே, ஏறத்தாழப் பத்தில் ஒரு நொடிக்குள் பிடி இறுகிவிடுகிறது. ஆதலால் நழுவாதிருக்கத் தேவையான விசைக்குச் சற்றே கூடுதலாகப் பிடித்தால் நமக்குப் போதும்.

உணர்வு மங்கிய கைக்கு இக்கணக்கு தவறுகிறது. பொருள் நழுவும், அல்லது நழுவிவிடுமோ என்று கை அளவுக்கு மீறி இறுகப் பிடிக்கும். பின்னதே அதிகத் தீங்கு செய்வது.

இதனை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர், நமது அண்டை மலையாகிய கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்த முற்பட்டார். செயலிழக்காத தசை ஒன்றின் நாணை நீட்டிப் பிரித்து விரல்களுக்கு மாற்றிப் பொருத்தினார். விரல்கள் மீண்டும் இயங்கின; உணர்வு மட்டும் திரும்பவில்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தம்மால் திறக்க இயலாதபோது, தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை எளிதில் திருகிவிட்டதை அவர் பின்னாளில் எழுதினார். அச்சிறுவனின் விரல் எலும்பு வரை கிழிந்திருந்தது. அவனோ அதை அறியவேயில்லை. விரல்களைத் தொழுநோய் ‘தின்றுவிடுகிறது’ என்பது நெடுங்கால நம்பிக்கை. வலி தெரியாமையால் நேரும் காயங்களும் அவற்றில் சேரும் கிருமித்தொற்றுமே பெரும்பாலும் விரல்களைக் குறைக்கின்றன என்பதைப் பிராண்டும் அவருடன் பணியாற்றியோரும் நிறுவினர்.

நீரிழிவினால் மரத்த கைக்கும் இது பொருந்தும். நமது மலையில் மார்கழிக் குளிரில் நெருப்பருகே கை காய்வதும், கொதிக்கும் எவர்சில்வர் டம்ளரை இரு கையாலும் பொத்திப் பிடிப்பதும் வழக்கம். மரத்த கையுடையோர் இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டும். சூடான பாத்திரத்தைத் தடித்த துணி கொண்டே பிடிக்கட்டும். குளிக்கும் நீரின் சூட்டை வீட்டில் வேறொருவர் பார்த்துச் சொல்லலாம். கத்தி, அரிவாள் ஆகியவற்றின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் அழுத்தம் ஓரிடத்தில் குவியாது. வேலை செய்யும்போது கண் கையின்மீதே இருக்க வேண்டும். தோல் சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும். இரவில் கைகளை விளக்கொளியில் பார்த்துவிடுங்கள். வலிக்காத கொப்புளத்தையும் எங்களிடம் காட்டுங்கள். உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த தேமல் தெரிந்தால் மறைக்க வேண்டாம். தொழுநோய்க்குரிய கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

மரத்துப்போதல் பெரும்பாலும் மெல்ல மெல்ல வருவது. ஒரு பக்கக் கை திடீரென மரத்தாலோ வலுவிழந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். சேலத்திற்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.