வோல்ட் கூடினால் ஏற்றம் எளிதாகுமா?

மாணவர்களே, கேமரன் மலையில் பிரிஞ்சாங் அருகே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டச் சாலை குறுகலானது, வளைவுகள் நிறைந்தது. அந்த ஏற்றத்தில் மின்சைக்கிள் திணறினால், “36 வோல்ட் பேட்டரியை 48 ஆக மாற்று” என்று நண்பர் சொல்லக்கூடும். மாற்றலாமா?

மின்னழுத்தம் கூடினால் மோட்டாரின் உச்ச வேகம் கூடும்: 25 கிலோமீட்டர் ஏறக்குறைய 33 ஆகும். ஆனால், ஏற்றத்துக்குத் தேவை முறுக்குவிசை. அதைத் தருவது மின்னோட்டம். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பிச்சுருளில் வெப்பம் நான்கு மடங்காகும். 48 வோல்ட்டைத் தாங்காத கன்ட்ரோலர் கருகிவிடும்.

இறக்கத்தில்? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 33 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 1.8 மடங்கு, பிரேக்கோ பழையதுதான்! ஏற்றத்தில் நீங்களும் மிதியுங்கள். மோட்டாரின் சுமை குறையும்.