காளவாய்ச் சுண்ணாம்பின் நிறைக் கணக்கு

கட்டட வேலைக்கும் வெள்ளையடிப்பதற்கும் வேண்டிய சுண்ணாம்பு, கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாயிலிட்டுச் சுடுவதால் உண்டாகிறது. உள்ளே இட்டதன் நிறை தெரிந்தால், வெளிவர வேண்டியதன் நிறையைக் கணக்கிட்டு அறியலாம். இக்கணக்கை அறிந்தவர், சுண்ணாம்பு நன்கு வெந்ததா என்பதைத் தராசைக் கொண்டே சோதிக்கக்கூடும்.

கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் ஒரே பதார்த்தத்தாலானவை. அதில் கால்ஷியம் 40 பங்கும், கரி 12 பங்கும், பிராணவாயு 48 பங்கும் அடங்கியுள்ளன. ஆக 100 பங்கு. சுடும்போது கரி முழுவதும், 32 பங்கு பிராணவாயுவுடன் கூடி, 44 பங்கு கரியமிலவாயுவாகப் பிரிந்துவிடும். எஞ்சுவது 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு. இந்நிறைக் குறைவுக்கு வாயு வெளியேறுவதே முக்கிய காரணம் என்பதை, ஸ்காட்லாந்து தேசத்து ஜோசப் பிளாக் என்பவர் 1756-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் விளக்கினார். பங்கு என்பதை ராத்தலாகக் கொள்ளினும் கிலோவாகக் கொள்ளினும் விகிதம் மாறாது.

உதாரணமாக, உலர்ந்த சுத்தமான கிளிஞ்சல் 200 கிலோ இட்டால், 112 கிலோ சுண்ணாம்பு கிடைக்க வேண்டும். தராசு 134 கிலோ காட்டுமாயின், அதை இலாபமென்று கருதலாகாது. மிகுதியான 22 கிலோவும் வெளியேறாது தங்கிவிட்ட வாயுவேயாகும். 44 பங்கு வாயுவுக்கு 100 பங்கு கிளிஞ்சல் என்ற விகிதப்படி, 50 கிலோ கிளிஞ்சல் வேகாமலே இருக்கிறது. உண்மைச் சுண்ணாம்பு 84 கிலோ மட்டுமே. வாங்குவோர் 134 கிலோவுக்கு விலை கொடுத்து, 50 கிலோ பயனற்ற பொருளைச் சுமந்து செல்வர்.

நீற்றும்போது 56 பங்கு சுண்ணாம்பு 18 பங்கு தண்ணீரை ஏற்று, 74 பங்கு நீறாகும். ஆகவே 112 கிலோவிலிருந்து 148 கிலோ நீறு பெறலாம். மேற்கூறிய அரைவேக்காட்டுச் சரக்கிலோ 111 கிலோதான் பெறலாம். வேகாத துண்டுகள் நீறாமல் அடியில் தங்கும். சேரவேண்டிய நீர் 36 கிலோவேயாயினும், வெப்பத்தால் ஒரு பகுதி ஆவியாகிவிடுமாதலால் அதிகமாகவே வார்க்க வேண்டும்.

சோதிப்போர் மண்ணும் ஈரமும் நீக்கிய பின்னரே கிளிஞ்சலை நிறுக்க வேண்டும். சுட்டபின் சாம்பலையும் கரித்துண்டுகளையும் அகற்றி, சூடு ஆறியவுடன் தாமதமின்றி நிறுத்தல் அவசியம். நாட்பட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமிலவாயுவையும் ஏற்று நிறை கூடிவிடும். நிறை மிகுந்து காணப்பட்டால், வேகாத துண்டுகளைப் பொறுக்கி மறுமுறை சுடுவதே விற்போருக்கும் வாங்குவோருக்கும் நன்மை பயக்கும்.