சர்க்கரை நோய் வரும் முன்பே கண்டறிவது எப்படி?

இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர். அந்த நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் அதைவிட அதிகம், ஏறத்தாழ 13.6 கோடி பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் நடத்தி, 2023-இல் முடிவு வெளியான ஆய்வின் கணக்கு இது. இந்த இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலோருக்குத் தாங்கள் அதில் இருப்பதே தெரியாது.

தெரியாமல் போவதற்குக் காரணம் நோயின் போக்கிலேயே இருக்கிறது. வயது வந்தவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் திடீரென்று ஒரு நாளில் வருவதில்லை. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர, உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்பட மறுக்கிறது. கணையம் கூடுதலாகச் சுரந்து சில ஆண்டுகள் ஈடுகட்டுகிறது. அது களைக்கத் தொடங்கும்போதுதான் ரத்தத்தில் சர்க்கரை மெல்ல ஏறுகிறது. அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைதல் ஆகியவை சர்க்கரை நன்றாக ஏறிய பிறகே தலைகாட்டும். ஆகவே, ‘உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே, எதற்கு டெஸ்ட்?’ என்ற கேள்வி இந்த நோயைப் பொறுத்தவரை பொருளற்றது.

ஊரில் உள்ள எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் நடைமுறைக்கு ஆகாது. யாருக்கு முதலில் பார்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஓர் எளிய வழி சென்னையிலேயே உருவானது. டாக்டர் வி. மோகன் குழுவினர், சென்னையில் நடத்திய மக்கள்தொகை ஆய்வின் அடிப்படையில் 2005-இல் வெளியிட்ட ‘இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்’ முறை அது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்ற நான்கே விவரங்கள் போதும். ஊசி தேவையில்லை.

வயது 35-க்குக் கீழே என்றால் மதிப்பெண் 0. 35 முதல் 49 வரை 20. ஐம்பதும் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ.க்கும் பெண்ணுக்கு 80 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் 0. அதற்கு மேல் அடுத்த 10 செ.மீ. வரை 10, அதையும் தாண்டினால் 20. கடின உழைப்பும் ஒழுங்கான உடற்பயிற்சியும் இருந்தால் 0. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் 20. இரண்டும் இல்லாமல் உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு 30. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. மொத்தம் 100. கூட்டுத்தொகை 60-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அபாயம் அதிகம். 30 முதல் 50 வரை நடுத்தரம். 30-க்குக் கீழே குறைவு.

உதாரணத்துக்கு, 42 வயதில் கணக்காளராக வேலை பார்க்கும் ஒருவர். இடுப்பு 96 செ.மீ.; நடைப்பயிற்சி கிடையாது; அப்பாவுக்குச் சர்க்கரை. 20, 10, 30, 10 என்று கூட்டினால் 70 வருகிறது. வயதையும் அப்பாவையும் மாற்ற முடியாது. ஆனால் இடுப்பை 90-க்குக் கீழே இறக்கி, தினமும் நடக்கவும் தொடங்கினால் அதே மனிதரின் மதிப்பெண் 50 ஆகிறது. நூறில் சரிபாதி மதிப்பெண் ஒருவரின் கைக்கு உட்பட்டது என்பதே இந்த முறையின் பெரிய பயன்.

இதில் அதிகம் தவறுவது இடுப்பளவுதான். பேன்ட் சைஸை வைத்துச் சொல்வது சரிவராது. தொப்பை உள்ள ஆண்கள் பெரும்பாலும் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள், 36 அங்குல பேன்ட் போடுபவரின் வயிறு 40 அங்குலம் இருக்கலாம். நேராக நின்றுகொண்டு, விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் இன்ச் டேப்பைச் சுற்ற வேண்டும். துணியின் மேல் அளக்கக் கூடாது. முதுகுப் பக்கம் டேப் கீழே இறங்கிவிடாமல் இன்னொருவர் பார்த்துக்கொள்வது நல்லது. வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளவைப் படிக்க வேண்டும்.

ஒல்லியானவருக்குச் சர்க்கரை வராது என்ற நம்பிக்கையும் இங்கே உடைகிறது. ஒரே எடையுள்ள ஐரோப்பியரையும் இந்தியரையும் ஒப்பிட்டால், இந்தியர் உடம்பில் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருப்பது வழக்கம். அதனால்தான் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. அளவில், மற்றவர்களுக்கு 25 என்ற எல்லை இந்தியர்களுக்கு 23 என்று குறைக்கப்பட்டிருக்கிறது. கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பவர் பாதுகாப்பானவர் அல்லர்.

மதிப்பெண் ஒரு சல்லடை மட்டுமே, தீர்ப்பு அல்ல. ஏற்கெனவே நோய் இருந்தும் தெரியாமல் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேரை அது பிடிக்கிறது, மீதிப் பேரைத் தவறவிடுகிறது. 60-க்கு மேல் வாங்கியவர்களிலும் பெரும்பாலோருக்கு அன்றைக்கு நோய் இருப்பதில்லை. எனவே, 60 வந்தவர் பயப்படவும் வேண்டாம், பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

மதிப்பெண்ணில் வராத சில அடையாளங்களும் உண்டு. கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைப் போலப் பல மடங்கு. கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதை 2007-லேயே தமிழ்நாடு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சென்னை டாக்டர் வி. சேஷய்யாவின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. ஆனால் பிரசவத்துக்குப் பின் நடப்பது வேறு. குழந்தைக்குத் தடுப்பூசி தேதி தவறாமல் போடப்படுகிறது; தாய்க்கு 6 வாரத்தில் செய்ய வேண்டிய சர்க்கரைப் பரிசோதனையை வீட்டில் யாரும் நினைவில் வைப்பதில்லை. இவை தவிர, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, உயர் ரத்த அழுத்தம், நீண்டகால ஸ்டீராய்டு மருந்து, கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தேய்த்தாலும் போகாத தடித்த கருமை ஆகியவை இருந்தாலும் பரிசோதனை அவசியம்.

எந்தப் பரிசோதனை என்பதில் கவனம் வேண்டும். முகாம்களில் விரலில் குத்தி எந்த நேரமும் பார்க்கும் ‘ரேண்டம்’ சர்க்கரை 130 என்று வந்தால், ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவார்கள். நோய்க்கு முந்தைய நிலையை அந்த எண் காட்டாது. எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் வெறும் வயிற்றில் எடுத்த அளவு 100 முதல் 125 வரை இருந்தால் முந்தைய நிலை, 126-ம் அதற்கு மேலும் நோய் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. உலக சுகாதார நிறுவனம் முந்தைய நிலையை 110-இலிருந்து கணக்கிடுகிறது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் 140 முதல் 199 வரை முந்தைய நிலை, 200 முதல் நோய். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5 முதல் நோய். ரத்தசோகை இருந்தால் இந்தச் சராசரி தவறாகக் காட்டலாம். தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை உள்ள நிலையில் இது சிறிய விஷயம் அல்ல. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது, மறுபரிசோதனை கேட்பது நியாயம்.

இதற்குச் செலவழிக்க முடியாதவர் கைவிடப்பட்டவர் அல்லர். 30 வயதைக் கடந்த அனைவருக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்ப்பது அரசின் தொற்றாநோய்த் திட்டத்தின் பகுதி. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் பகலில் வரும்போது வேலைக்குப் போயிருக்கும் ஆண்களே அதிகம் விடுபடுகிறார்கள். அப்படி விடுபட்டவர்கள் துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நேரில் போகலாம். விவரத்துக்கு 104 என்ற எண் உண்டு. எங்கே பார்த்தாலும் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். தனியார் மருத்துவமனையானாலும், நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நெறிமுறை விதி. பழைய ரிப்போர்ட் இல்லாமல் சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியாது.

நோய்க்கு முந்தைய நிலையில், அதாவது ‘பார்டர்லைன்’ என்று சொல்லப்பட்டவர் செய்யக்கூடியது என்ன? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, இந்த நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. வாரத்தில் 150 நிமிட வேக நடை, தட்டில் சோற்றைக் குறைத்துக் காயும் பருப்பும் கூட்டுவது, இனிப்புச் சேர்த்த காபி, டீ, குளிர்பானங்களை நிறுத்துவது, புகையை விடுவது, இவைதான் செய்ய வேண்டிய மாற்றங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். பார்டர்லைன் உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறையும், அபாயம் இருந்தும் முடிவு சரியாக வந்தவர் மூன்று ஆண்டுக்குள் ஒருமுறையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

பரிசோதனை முடிவு தெரிந்த பின் மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, விண்ணப்பம் கேட்கும் விவரத்தை மறைப்பது பின்னால் கோரிக்கையை நிராகரிக்க வழிசெய்யும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்று 2024-இல் குறைக்கப்பட்டுவிட்டதால், மறைக்கக் காரணமும் குறைந்துவிட்டது.

அச்சப்பட்டவரைக் குறிவைத்து இன்னொரு வியாபாரம் நடக்கிறது. ‘48 நாளில் சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு’ என்று பொடியும் லேகியமும் விற்கும் விளம்பரங்கள் சட்டவிரோதமானவை. மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954-இன் அட்டவணையில் நீரிழிவும் இருக்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. இத்தகைய பொடிகள் சிலவற்றில் அலோபதி சர்க்கரை மாத்திரை கலந்திருந்தது ஆய்வகங்களில் தெரியவந்திருக்கிறது. நோயே இல்லாதவர் அதைச் சாப்பிட்டுச் சர்க்கரை அளவு திடீரென இறங்கினால் உயிருக்கே ஆபத்து. வாங்கி ஏமாந்தவர் ரசீதையும் டப்பாவையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம். இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டுக் கெடு.